மீன் ஆட்டோவில் வந்த நாட்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பொறியாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வுபெற்றவர்களிடம் இப்படிக் கேட்கக் கூடாது, கேட்டால் நாங்கள் நிறுத்த மாட்டோம். பயப்படாதீர்கள், கான்கிரீட் கலவையைப் பற்றியோ டெண்டர் விதிகளைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. முதலாவது, புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவதைக் காண்ட்ராக்டர்களே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள், அவர்களுக்கு வேண்டிய அளவுக்கு.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் எல்லாரும் இந்த ஊரின் விலைவாசியில் கை வைக்கப் போகிறீர்கள். சிரிக்க வேண்டாம். விலைவாசி என்றாலே டெல்லி, டீசல், டாலர் என்று பேசிவிட்டு நாம் கை கழுவிக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் ஒரு தெருக்குழாயை மூடினால் அந்தத் தெரு மறுநாளே கேன் தண்ணீர் வாங்க ஆரம்பிக்கும். ஒரு சாலையை ஒருவழிப் பாதையாக்கினால் காய்கறி வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு வரும், அந்தச் சுற்று கீரைக்கட்டின் விலையில் ஏறும். நாம் கோடு போடுவது வரைபடத்தில். அது போய் விழுவது யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புச் சட்டியில். எனக்கு இது உறைத்தது ஒரு மீன் துண்டால். நான் மீன் சாப்பிடாதவள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது ஓய்வுபெறுவதற்கு முன் என் கடைசிப் பணியிடம். மாநகராட்சியில் செயற்பொறியாளராக இருந்தேன். அலுவலகம் மயிலாப்பூர்ப் பக்கம், எங்கள் பொறுப்பில் இருந்த சாலைகளோ அடையாற்றைத் தாண்டி பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் போகும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பதவி உயர்வு பெற்று எனக்கே மேலதிகாரியாக மாடியில் உட்கார்ந்திருந்தார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அலுவலகத்துக்குப் பின் சந்தில் பாக்கியம் அக்காவின் மெஸ். மத்தியானத்தில் எங்களில் பாதிப் பேர் அங்கேதான். பிரபு என்று ஓர் உதவிப் பொறியாளர் இருந்தான், உங்கள் வயதுதான். வெயில் மழை பார்க்காத உழைப்பாளி. ஆனால் தட்டில் மீன் குழம்பு இல்லையென்றால் அன்றைக்கு அவனுக்கு உலகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். ஒருநாள் அவன் தட்டில் விழுந்த துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, இது மீனா, மீனோட போட்டோவா?"

"இன்னா தம்பி பண்ண சொல்ற? மீனு இப்போ ஆட்டோல வருதுல்ல, அதான் எளச்சிப் போச்சி."

பக்கத்து மேஜையில் சாம்பார் சாதத்தோடு இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் எதற்கு ஆட்டோவில் வர வேண்டும் என்று கேட்டேன்.

"மீனு குடுக்கற கன்னியம்மா முன்னல்லாம் பஸ்ஸுல வந்துக்கினு இருந்தா மேடம். லேடீஸுக்கு டிக்கெட்டே கெடையாதுல்ல. இப்போ அந்த பஸ் ஸ்டாப்ப எவனோ பேத்து எட்டுக்கினு போய் சிக்னலுக்கு அந்தாண்ட வெச்சிட்டானாம். அன்னக்கூடய தூக்கிக்கினு அவ்ளோ தூரம் யாரு போறது? ஆட்டோ வெச்சிக்கினு வரா. அந்தத் துட்ட மீனு மேலதான போடுவா? நான் சாப்பாட்டு மேல போட்டா நீங்கல்லாம் கத்துவீங்க. அதான் துண்ட சின்னதாக்கிட்டேன்." அக்கா கரண்டியால் காற்றில் ஒரு போடு போட்டார். "ஸ்டாப்ப எடுத்தானே, அந்தக் கை வெளங்கவே வெளங்காது!"

பிரபுவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த நிறுத்தத்தை மாற்றிய வேலை அவனுடையது. ஆள் எண்ணி, அளந்து, இடம் குறித்து எல்லாம் செய்தது அவன். கையெழுத்துப் போட்டு அனுப்பியது எனக்கு முன்னால் இருந்த, இப்போது மாடியில் இருக்கும் அதிகாரி.

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். குறை சொல்லும்படி எதுவும் இல்லை. ஊரூர் குப்பத்துக்குள் திரும்பும் இடத்தில் பழைய நிறுத்தம். அலுவலக நேரத்தில் அங்கே பஸ் நின்றால் பின்னால் சாலை மொத்தமும் அடைத்துக்கொள்ளும். அந்த நிறுத்தத்தில் ஏறுபவர்களும் சொற்பம். ஆகவே சிக்னலுக்கு அப்பால் புது நிறுத்தம், அதற்கு நல்ல நிழற்குடை, எஃகு இருக்கை, விளக்கு. படித்துப் பார்த்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"எத்தனை மணிக்குப்பா ஆள் எண்ணினே?" என்று பிரபுவைக் கேட்டேன்.

"பத்தரைக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் மேடம். ஒரு வாரம் முழுக்க நின்னேன்."

பொய் இல்லை, நின்றிருப்பான். தப்பு அவனுடையது மட்டும் என்றும் சொல்ல மாட்டேன், அது நம் குலவழக்கம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு டீ, அப்புறம் ஜீப். நாம் சாலையைப் பார்க்கப் போகும்போது மணி பத்தரை. ஆகவே இந்த ஊரே பத்தரைக்குத்தான் எழுந்திருக்கிறது என்று நம் ஃபைல்கள் நம்புகின்றன. மீன்காரரும் பூக்காரரும் வீட்டு வேலைக்குப் போகிறவரும் அதற்குள் தங்கள் நாளில் பாதியை முடித்துவிட்டிருப்பார்கள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் பிரபுவையும் கூட்டிக்கொண்டு பழைய நிறுத்தத்துக்குப் போனேன். போர்டைப் பிடுங்கிய பள்ளம் அப்படியே இருந்தது. பக்கத்தில் நான்கைந்து பெண்கள், காலடியில் மீனும் ஐஸுமாக அலுமினிய அன்னக்கூடைகள். ஒரு ஆட்டோக்காரரோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அதில் குரல் பெரிதாக இருந்தவர்தான் கன்னியம்மா. ஐம்பதை நெருங்கும் வயது, தலையில் சும்மாடு, இடுப்பில் செருகிய முந்தானை. நாங்கள் யார் என்று சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா, போட்டோ புடிக்க வந்தியா? புடிச்சிக்க. ஸ்டாப்பு இருந்த பள்ளத்தையும் சேத்துப் புடி."

"புது ஸ்டாப் எவ்வளவு தூரம்மா? போய் ஏறக் கூடாதா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவருக்கு அது குத்தலாகப் பட்டுவிட்டது.

"ஏறிக் காட்டு, பாக்கறேன்" என்றார்.

நான் பிரபுவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். "தூக்குப்பா" என்றேன்.

கன்னியம்மாவும் இன்னொருத்தரும் கூடையை அவன் தலையில் ஏற்றினார்கள். சங்கரா மீனும் காரப்பொடி மீனும் ஐஸும் சேர்ந்தால் என்ன கனம் என்பதை அன்றைக்கு அவன் கழுத்து தெரிந்துகொண்டது. நடுவில் சாலையைக் கடக்க முடியாதபடி இரும்புத் தடுப்பு. அதைச் சுற்றி, சிக்னலில் காத்திருந்து, ஐஸ் தண்ணீர் சட்டைக்குள் வழிய வழியப் போய்ச் சேர்ந்தான். பஸ் வந்தது. கூடையை இறக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும், படியில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். அதற்குள் பின்னால் ஹார்ன், முன்னால் பச்சை விளக்கு. டிரைவர் கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். அடுத்த பஸ்ஸும் அப்படியே. அவர்கள் மேல் தப்பில்லை, சிக்னல் வாயில் எவ்வளவு நேரம்தான் நிறுத்துவார்கள்? பழைய இடத்திலோ சிக்னலும் கிடையாது, அந்த நேரத்தில் நெரிசலும் கிடையாது. கண்டக்டரே இறங்கிக் கூடைக்குக் கை கொடுப்பாராம்.

கூடையோடு பழைய இடத்துக்கே திரும்பினோம். கன்னியம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மயிலாப்பூர்ல எனுக்கு வாடிக்க வூடுங்க கீதும்மா. எங்கம்மா காலத்துலேந்து. வெல ஏத்தினா இன்னா சொல்றாங்க தெரியுமா? கன்னியம்மா, ஃபோன்லயே சீப்பா வருதேன்றாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஏத்தலேன்னா ஆட்டோ முழுங்கிடுது. எங்கூட வந்துக்கினு இருந்தவங்க ரெண்டு பேரு ஃபிளாட்டுல கூட்டிப் பெருக்கப் போய்ட்டாங்க. நான் இந்த மாசம் பாப்பேன். அப்பால நானும் தொடப்பத்த எடுத்துக்க வேண்டியதுதான். எம் புருஷன் புடிச்சிக்கினு வர்ற மீன வேற எவனோ வித்துக்குவான்."

டிக்கெட் இல்லாத பஸ் என்று அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை, நாங்கள் ஒரு போர்டைப் பிடுங்கி இன்னொரு கையால் வாங்கிக்கொண்டிருந்தோம். அதுவும் எங்களுக்கே தெரியாமல்.

இனிமேல்தான் விஷயம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கலவை லாரி வந்து நின்றது. பழைய நிறுத்தம் இருந்த நடைபாதை ஓரம் நெடுக இடுப்புயரத்துக்கு இரும்புக் கிராதி போடும் வேலை. அதுவும் அதே ஃபைலில் ஒப்புதல் ஆனதுதான். குழி தோண்டிக் கம்பங்களை நிறுத்திவிட்டார்கள், கான்கிரீட் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. ஊற்றிவிட்டால் அங்கே மனுஷர் ஏற முடியாது, கூடை எங்கே ஏறும்? லாரியின் பீப்பாய் சுற்றிக்கொண்டே இருந்தது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி கைகட்டி நின்றார்.

"கலவ எறுகிடும் மேடம். நிறுத்தணும்னா எழுத்துல குடுங்க."

மாடி அதிகாரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், துண்டித்தார். ஏதோ கூட்டத்தில் இருந்திருக்கிறார்.

வேலையை மொத்தமாக நிறுத்தினால் கலவை வீண், காண்ட்ராக்டர் நஷ்டஈடு கேட்பார், தணிக்கையில் என் பெயர் வரும். ஓய்வுபெறும் நேரத்தில் ஒரு மெமோ வந்தால் பென்ஷன் எந்த மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று உங்கள் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊற்ற விட்டுவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாமா? அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. புதுக் கான்கிரீட்டை உடைக்க இந்த ஊரில் எவனும் கையெழுத்துப் போட மாட்டான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கன்னியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஊத்துங்க," என்றேன் மேஸ்திரியிடம். "இந்த இடத்துல மட்டும் பஸ்ஸோட ரெண்டு கதவும் திறக்கிற அளவுக்கு வழி விட்டுடுங்க. அங்க இருக்கிற கம்பத்தைப் பிடுங்கிடுங்க." அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கலவையில் ஒரு சட்டி கூட வீணாகவில்லை.

நெருக்கடியில் சரியான முடிவு எது என்று தெரியாவிட்டால், பிறகு மாற்றிக்கொள்ள முடிகிற முடிவை எடுங்கள். இடைவெளியை நாளைக்கும் அடைக்கலாம், அடைத்ததைத் திறப்பதுதான் கஷ்டம். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய தந்திரம் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

மத்தியானம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது.

"என்னம்மா, வந்த உடனே என் வேலையில ஓட்டை போட ஆரம்பிச்சுட்டியா?" என்றார் அதிகாரி. ஓட்டை என்று அவர் சொன்னது உண்மையிலேயே ஓட்டைதான் என்பதால் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"பத்து மணிக்கு நீங்க பண்ணினது நூத்துக்கு நூறு சரி சார். அங்க நின்னா ரோடு அடைச்சுக்கும். ஆனா ஏழு மணிக்கு அந்த ரோடு காலி. புது ஸ்டாப் அப்படியே இருக்கட்டும். பழைய இடத்துல காலையில மட்டும் சாதாரண பஸ் நின்னு போகட்டும்."

"புது நிழற்குடைக்கு ரிப்பன் வெட்ட தேதி குறிச்சாச்சு. இப்ப போய் ஸ்டாப்பு தப்புன்னு சொன்னா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

"தப்புன்னு யார் சார் சொன்னா? இன்னொண்ணு கூடுதலா வேணும்னுதானே சொல்றேன்."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "கவுன்சிலர் சரின்னா பாக்கலாம்" என்றார் கடைசியில். நம் அலுவலக மொழியில் அதற்கு 'கிடையாது' என்று பொருள். ஆனால் அவர் சொன்ன வார்த்தையை நான் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டேன். சில சமயம் மேலதிகாரி சொல்வதை அட்சரம் பிசகாமல் கேட்பதே நல்ல கலகம்.

பஸ் டிப்போ மேலாளரிடம் முதலில் பேசினேன். "போர்டு நட்டீங்கன்னா வண்டி நிக்கும் மேடம். போர்டு இல்லாத எடத்துல நிறுத்தினாதான் எங்க டிரைவருக்கு மெமோ" என்றார். பிறகு கவுன்சிலரம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மனுக்களோடு நின்றிருந்த கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். பிரபு கூடை தூக்கிய கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சட்டென்று முகம் மாறியது.

"குப்பத்து லேடீஸா? ஏம்மா, எனக்கு ஓட்டுப் போட்டவங்களே அவங்கதாம்மா. இத்தினி நாளா ஒருத்தரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே?" கொஞ்சம் யோசித்தார். "ஃபங்ஷன காலங்காத்தாலயே வெச்சிடுங்க. ரெண்டு ரிப்பன் வாங்கிடுங்க. ரெண்டயும் நானே வெட்டறேன்."

அவ்வளவுதான். விழாவில் எங்கள் அதிகாரி மைக்கைப் பிடித்து, மீனவப் பெண்களின் நலனை மனதில் கொண்டு ஆரம்பத்திலிருந்தே இரண்டு நிறுத்தங்கள் என்பதுதான் தன் திட்டம் என்று பேசினார். பிரபு என் காதில் ஏதோ சொல்ல வந்தான். "கை தட்டுடா" என்றேன். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். அந்த இடைவெளிக்காக எனக்கு வரவேண்டிய மெமோ வராமலே போனது அந்தக் கைதட்டலால்தான் என்று இன்றுவரை நம்புகிறேன். யாருடைய யோசனை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால் போர்டு தரையில் கிடக்கும். பெயரை அவருக்குக் கொடுங்கள், போர்டை நடுங்கள்.

ஏறிய மீன் விலை அப்படியே இறங்கிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஏறினது முழுசாக இறங்குவது நம் ஊரில் வழக்கமில்லை. ஆனால் கன்னியம்மா வாடிக்கை வீடுகளில் கொஞ்சம் குறைத்தார். ஃபோனுக்குப் போய்விட்ட வீடுகளில் சில திரும்பி வந்தன. மெஸ்ஸில் மீன் மறுபடி மீனாகத் தெரிய ஆரம்பித்தது. ஃபிளாட்டு வேலைக்குப் போன இருவரில் ஒருவர் கூடையோடு திரும்பிவிட்டார். இன்னொருவர் அங்கேயே பழகிவிட்டதாகச் சொன்னார்கள்.

பிரபு இப்போது வேறு பகுதியில் இருக்கிறான். எங்கே எதை மாற்றுவதென்றாலும் விடிந்ததும் ஒருமுறை, விளக்கு வைத்ததும் ஒருமுறை போய் நிற்கிறானாம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு சாலையை மாற்றுவதற்கு முன் அதை நம்பிப் பிழைப்பவர்கள் எந்த நேரத்தில் அங்கே வருகிறார்களோ, அந்த நேரத்தில் போய் நில்லுங்கள். ஜீப் வராது. பரவாயில்லை, அந்த நேரத்தில் பஸ் காலியாக இருக்கும்.

அந்த விழா நாளை மட்டும் முழுதாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். ரிப்பன் வெட்டியவர்கள் எல்லாம் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பழைய இடத்தில் புதிதாக நட்ட போர்டுக்குக் கீழே கன்னியம்மாவும் கூட்டாளிகளும் காத்திருந்தார்கள். முதல் பஸ் வந்து, நாங்கள் விட்ட இடைவெளிக்கு நேராகக் கதவு வரும்படி நின்றது. கண்டக்டர் இறங்கினார். கூடையின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தைப் பிரபு ஓடிப்போய்ப் பிடித்தான். கூடை உள்ளே போனதும் கன்னியம்மா படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"நல்ல புள்ள நீ. ஆனா இந்த ஸ்டாப்ப மொதல்ல எவன் பேத்தானோ, அவங் கை மட்டும் வெளங்காது."

பிரபு சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, கன்னியம்மாவுக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த வலது கையை அவர் முன்னால் நீட்டினான்.

"இந்தக் கைதான்கா அது."

கன்னியம்மா அந்தக் கையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் ஈரக்கையால் அவன் உள்ளங்கையில் பட்டென்று ஓர் அடி அடித்தார்.

"இதுவா? சரி, வெளங்கட்டும் போ" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.